வீட்டில் மரக் கடைசல் லேத்: செட்டிநாட்டுப் பக்கமிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 11 ஆண்டுகளாக, மரத்தைச் சுழற்றி உளியால் கடையும் லேத் ஓட்டுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யார் புதிதாக ஒன்று வாங்கினாலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். மேசைமேல் வைக்கும் சிறிய லேத்துக்கும் தரையில் நிற்கும் நடுத்தர லேத்துக்கும் இவை பொருந்தும். இரும்பு கடையும் லேத் வேறு கதை.

லேத் பெட்டி முற்றத்தில் இறங்கிவிட்டது. இன்றே ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. ஆசை புரிகிறது. நானும் அன்றிரவே ஓட்டினேன். லேத் மேசையோடு நகர்ந்து சுவர் வரை போனது. முதல் நாள் வேலை துடைப்பதுதான். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புப் பாகங்களில் கெட்டியாகக் கிரீஸ் பூசி அனுப்புவார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதை முழுதும் எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள்.

மரத்தைச் சுழற்றும் இடப்பக்கத் தலை ஹெட்ஸ்டாக்; மறுகோடியைத் தாங்கும், நகர்த்தக்கூடிய வலப்பக்கத் தலை டெயில்ஸ்டாக். இரண்டிலும் உள்ளே போகப் போகக் குறுகும் துளை ஒன்று இருக்கும். மோர்ஸ் டேப்பர் என்பார்கள். சிறிய லேத்தில் 1ஆம் எண் அல்லது 2ஆம் எண், நடுத்தர லேத்தில் பெரும்பாலும் 2ஆம் எண். அந்தத் துளை, மரத்தைத் தாங்கும் முனையை வெறும் உராய்வினால்தான் பிடித்துக்கொள்கிறது. உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் பிடி நழுவும். குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடையுங்கள்.

அப்படியே ஹெட்ஸ்டாக்கில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மரை அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 33 மில்லிமீட்டர் தண்டில் 3.5 மில்லிமீட்டர் மரை, 1 அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 8 மரை என்று பல வகை உண்டு. இதைப் பார்க்காமல் சக் (மரத்தைக் கவ்விப் பிடிப்பது) வாங்கினால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது.

எங்களுடையது பழைய வீடு. முற்றத்தைச் சுற்றிய வளவில் இடம் நிறைய இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் தளத்தில் நிறுத்தலாமா?

வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவது. ஆள் நடக்க நடக்க மெருகேறும்; ஆனால் லேத்தின் எடை முழுவதும் நான்கு புள்ளிகளில் இறங்கி மணிக்கணக்கில் அதிர்ந்தால் தாங்காது. எங்கள் வளவு மூலையில் நான்கு கற்கள் அப்படித்தான் விரிந்தன. அந்த நிறத்துக்கு ஈடான கல் பிறகு கிடைக்கவேயில்லை. அப்பத்தா இருந்தவரை அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் கல்லை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்ப்பார்.

பின்கட்டுதான் சரியான இடம். கருங்கல் பாவியிருந்தாலும் சரி, சிமெண்டுத் தளமானாலும் சரி. மண் தரையாக இருந்தால் லேத் நிற்கும் அளவுக்கு மட்டும் 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, நன்றாக நீர் விட்டு ஆற்றிய பிறகு ஏற்றுங்கள். மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய வீடுகளில் தேக்கு உத்தரத்தின்மேல் நிற்கும் மாடித்தளம் முரசு மாதிரி. கீழே படுத்திருப்பவர் தூக்கம் போய்விடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரிலும் துளை போட்டு எதையும் முடுக்காதீர்கள். அந்தப் பூச்சைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று: சுழலும் மரத்துக்கு நேர் எதிரே வாசல் வராதபடி நிறுத்துங்கள். மரம் தெறித்தால் அது சுழலும் அந்த நேர்க்கோட்டில்தான் தெறிக்கும். காப்பி கொண்டுவருபவர் அந்த வழியில் வரக்கூடாது.

எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கை உயரத்தில் ஸ்பிண்டிலின் மையம் வர வேண்டும். ஓரிரு அங்குலம் மேலே போனால் பரவாயில்லை, கீழே போனால் அரை மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும். விற்பவர் தரும் கால்கள் யாருக்காகச் செய்தவையோ, நம்மூர் ஆட்களுக்கு அளவாக அமைவது அரிது. பலகை வைத்து உயர்த்துவது எளிது. உயரம் அதிகமானால் நிற்கும் இடத்தில் ஒரு மரமேடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடும்போது மேசையே ஆடுகிறது. தரையோடு சேர்த்து போல்ட் போட்டுவிடலாமா?

முதலில் மட்டம் பாருங்கள். ரசமட்டத்தை லேத் பெட்டின் (இரண்டு ஸ்டாக்குகளும் நிற்கும் நீண்ட அடிச்சட்டம்) குறுக்காக இடக்கோடியில் ஒரு முறையும் வலக்கோடியில் ஒரு முறையும் வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நின்றால் சரி. ஒன்றில் இப்படியும் மற்றொன்றில் அப்படியும் சாய்ந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேடுபள்ளமான தரையில் போல்ட்டை இறுக்கினால் வார்ப்பிரும்புகூட முறுக்கிக்கொள்ளும். காலுக்கடியில் தகடு கொடுத்து, மட்டம் வந்த பிறகுதான் இறுக்க வேண்டும்.

அடுத்தது எடை. கால்களுக்கிடையே ஒரு தட்டு அமைத்து மணல் மூட்டை போடுங்கள். நான் சிமெண்டுச் சாக்கில் ஆற்று மணல் கட்டி மூன்று மூட்டை வைத்திருக்கிறேன். போல்ட் போடுவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிறகு இடம் மாற்ற நினைத்தாலும் தரையில் ஓட்டை மிச்சமிருக்காது.

சோதனை ஒன்று சொல்கிறேன். காரைக்குடியில் ஒரு வயதான ஆசாரி எனக்குக் காட்டியது. எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மரம் எதுவும் மாட்டாமல், ஹெட்ஸ்டாக் தலையில் வைத்து லேத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். அருகிலேயே நின்று, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீர் மேற்பரப்பில் மெல்லிய நடுக்கம் இருக்கலாம். வட்டம் வட்டமாக அலை எழுந்தால் இறக்கிவிட்டு, பெல்ட், புல்லி, கால் மூன்றையும் பாருங்கள். “தம்பி, தண்ணீர் சிந்தினால் மரம் வாங்கப் போகாதே, மணல் வாங்கப் போ” என்றார்.

மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும்?

மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். அந்த மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் வரை இழுக்கும்; புறப்படும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. விளக்குக்குப் போட்ட சிறிய பிளக்கில் செருகக்கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த். நம் வீடுகள் பலவற்றில் தேக்குச் சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங் இன்னும் இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் பலவற்றில் எர்த் கம்பியே கிடையாது.

கோடையில் மாலை நேரம் மின்னழுத்தம் தாழ்ந்தால் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். ‘எப்படியும் பிடித்துவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். இரண்டு நொடிக்குள் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுருள் கருகும்.

உறவினர் வெளிநாட்டிலிருந்து தன் பழைய லேத்தை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

எந்த நாடு என்று கேளுங்கள். சிங்கப்பூர், மலேசியா என்றால் கவலையில்லை. அங்கும் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் ஒட்டியதுதான். அமெரிக்கா என்றால் 60 ஹெர்ட்ஸ், 120 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், கூடுதலாகச் சூடாகும். லேத்தை வாங்கிக்கொண்டு மோட்டாரை மட்டும் இங்கே மாற்றிவிடுவது மேல்.

இரண்டு முனைகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ஹெட்ஸ்டாக்கில் முள்முனையையும் டெயில்ஸ்டாக்கில் சுழலும் முனையையும் செருகி, டெயில்ஸ்டாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு முனைகளையும் தொடவிடுங்கள். மேலிருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஊசி ஊசியைத் தொடுவதுபோல் தொட வேண்டும். டெயில்ஸ்டாக்கின் தண்டை உள்ளிழுத்து ஒரு முறை, வெளியே நீட்டி ஒரு முறை பாருங்கள். இறுக்கும் கைப்பிடியை முடுக்கும்போது முனை நகர்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

என் லேத்தில் அரை மில்லிமீட்டர் விலகல் இருந்தது. ஆறு மாதம் எனக்குத் தெரியாது. இரண்டு முனைகளுக்கிடையே கடையும்போது இந்தக் குறை வெளியே தெரியாது; மரம் எந்த இரண்டு புள்ளிகளில் நிற்கிறதோ அவற்றைச் சுற்றி உருண்டையாகத்தான் வரும். சக்கில் பிடித்த மரத்தை டெயில்ஸ்டாக்கால் துளையிடும்போதுதான் குட்டு உடையும். துளை, துரப்பண அலகைவிடப் பெரிதாக வந்தது. நான் துரப்பண அலகைத் திட்டி, புதிது வாங்கி, அதையும் திட்டினேன்.

சரிசெய்ய: முதலில் பெட் முறுக்கு. அது சரியென்றால், பல சிறிய லேத்துகளில் ஹெட்ஸ்டாக் நான்கு போல்ட்டுகளால் பெட்டில் பிணைக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் மோர்ஸ் டேப்பர் உள்ள ஒரு தண்டைச் செருகி, இரண்டு ஸ்டாக்குகளையும் அதனால் இணைத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, தானாக நேரானதும் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். உயரத்தில் வித்தியாசம் இருந்தால் மெல்லிய பித்தளைத் தகடு. இதற்கு ஒரு நாள் முழுதாகப் போனாலும் போகட்டும்.

எந்த மரத்துக்கு எவ்வளவு வேகம்?

மரத்தின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்குங்கள். விடை 6000-க்கும் 9000-க்கும் இடையில் இருக்க வேண்டும். 3 அங்குலக் கட்டைக்கு 2000 முதல் 3000 வரை. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 வரை. இது உருண்டையான பிறகு; கோணல் கட்டைக்கு லேத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி என்றால், 10 அங்குல மரம் 3000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 144 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு வெடிப்பு இருந்தால் அந்த வேகத்தில் உங்கள் முகத்துக்கு வரும். முன்பு ஓட்டியவர் எந்த வேகத்தில் விட்டுப் போனார் என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். முன்பு ஓட்டியவர் நீங்களாக இருந்தாலும்.

உளிகள்? வீட்டில் தச்சு உளி இருக்கிறதே.

தச்சு உளியை லேத்தில் காட்டாதீர்கள். பிடி குட்டை, வால் மெல்லியது. தொடக்கத்துக்கு ஹைஸ்பீடு ஸ்டீலில் நான்கு போதும்: உருட்டுவதற்கு அகன்ற குழி உளி, வளைவுகளுக்கு 3/8 அங்குலக் குழி உளி, வெட்டிப் பிரிக்க 1/8 அங்குல உளி, வழவழப்புக்குச் சாய்வாய் உளி. கிண்ணம் கடையப் போனால் அதற்கென்றே உள்ள 1/2 அங்குலக் குழி உளியைத் தனியாக வாங்குங்கள். உருட்டும் உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. அதன் வால் தட்டையானது, மரம் ஒரு முறை கவ்வினால் முறிந்து பறக்கும்.

பெட்டியாக 8 உளி, 12 உளி என்று மலிவாக விற்பதை வாங்கிப் பாதியை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பணத்துக்குச் சாணை வாங்கியிருக்கலாம். 6 அல்லது 8 அங்குலச் சாணை, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், கோணம் மாறாமல் உளியைப் பிடிக்கும் ஒரு தாங்கி. தீட்டும் முன் உளியின் சாய்முகத்தை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். கறுப்பு நுனி முதல் அடி வரை ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி. எப்போது தீட்டுவது என்று மரமே காட்டிக்கொடுக்கும்: சுருள் சுருளாக வந்தது தூளாக வரத் தொடங்கினால் நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போங்கள்.

உளி திடீரென்று மரத்தைக் கவ்விக்கொள்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும். வெட்டு வாயை முதலில் மரத்தில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உளியை முதலில் லேத்தில் மரத்துக்கு முன்னால் உள்ள தாங்கியில் வையுங்கள், அடுத்து சாய்முகத்தின் அடிப்பகுதி மரத்தில் உரசட்டும், அதன் பிறகு பிடியை மெல்ல உயர்த்துங்கள். சுருள் தானாக எழும். தாங்கிக்கும் மரத்துக்கும் இடையே கால் அங்குலம்தான் இருக்கலாம். மரம் மெலிய மெலியத் தாங்கியை நெருக்கிக்கொண்டே போக வேண்டும், லேத்தை நிறுத்திவிட்டு. ஒவ்வொரு முறையும் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே சுவிட்ச்.

என்ன உடுத்திக்கொள்வது?

வேட்டி, துண்டு, ஜிப்பா, துப்பட்டா, முந்தானை எதுவும் கிட்டே வரக்கூடாது. கழுத்துச் சங்கிலி, வளையல், மோதிரம், காதில் தொங்கும் இயர்போன் ஒயர் எல்லாம் கழற்றி வையுங்கள். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. லேத்தில் அது நேர்மாறு: கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது தாங்கியைக் கழற்றிவிடுங்கள். மெருகு பூசத் துணி வேண்டாம், காகிதத் துண்டு எடுங்கள். அது கிழிந்துபோகும், துணி கிழியாது.

இங்கே கிடைப்பதில் எந்த மரம் நல்லது?

பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். நெருங்கிய இழை, பழுப்பு வைரம் (மரத்தின் முற்றிய நடுப்பகுதி), எளிதில் வெடிக்காது. கொய்யாக் கட்டை பம்பரத்துக்கு. புளி கல் மாதிரி, உளியை அடிக்கடி தீட்டத் தெம்பிருந்தால் அதன் கறுத்த வைரம் அழகு. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் அன்று முழுவதும் தும்மல். தேக்கில் மணலில் உள்ள சிலிக்கா உண்டு, உளியின் கூர் சீக்கிரம் போகும்.

எல்லாரும் விறகுக்கும் கரிக்கும் விடுகிற சீமைக் கருவேலத்துக்காக ஒரு வார்த்தை. சிவகங்கைச் சீமையில் கண்மாய் தோறும் நின்று நம் சாபத்தை வாங்கும் அந்த மரத்தின் அடித்தூர், சிவப்புக் கலந்த பழுப்பு நிறத்தில், காய்ந்த பிறகு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். வட அமெரிக்காவில் இதன் இனத்து மரங்களைக் கடைசல்காரர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். முள்ளை மட்டும் பார்த்து வெட்டுங்கள்.

அரளியும் எட்டியும் நஞ்சு. சமையலறைப் பொருளுக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள், அவற்றின் தூளையும் சுவாசிக்காதீர்கள்.

இடித்த வீட்டுப் பர்மா தேக்குத் தூண் ஒன்று விலைக்கு வருகிறது. அதைக் கடையலாமா?

முழுத் தூண் என்றால் என் பதில், செய்யாதீர்கள். கப்பலேறி வந்து, யாரோ ஒருவர் கையால் கடைந்த தூணை அறுத்து ஊறுகாய்க் கிண்ணம் செய்வதற்கு நமக்கு என்ன அவசரம்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் உடைந்த கட்டில் கால், ஜன்னல் சட்டம், கைப்பிடிக் கிராதித் துண்டுகள் தேடினால் கிடைக்கும். அவற்றைக் கடையுங்கள். காந்தத்தை மெல்ல நகர்த்தி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது, அதற்குக் கண்தான்.

பச்சை மரம் நான்கே நாளில் வெடித்துவிடுகிறது.

நம்மூர் வெயிலில் வெடிக்காமல் என்ன செய்யும்? வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகு அல்லது மிச்சமிருக்கும் பெயின்ட் பூசுங்கள். நடுக்குருத்து வழியாக இரண்டாகப் பிளந்து குருத்தை நீக்குங்கள். கிண்ணம் என்றால் பச்சையாகவே கனமாகக் கடைந்துவிடுங்கள். சுவர்க்கனம் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு. காகிதப் பையில் அதே மரத்தின் சுருளோடு போட்டு, காற்று நேரடியாகப் படாத உள்ளறையில் சில மாதம் வையுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றதும் மறுபடி கடையுங்கள். கத்திரி வெயிலில் முற்றத்தில் வைத்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் என்ன கடைவது? எனக்குக் கிண்ணம் ஆசை.

கிண்ணம் பிறகு. முதலில் மத்து. கீரை கடையும் மத்தைக் கடைவது என்று சொல்லிப் பாருங்கள். தயிருக்கும் மரத்துக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்த மொழி நம்முடையது. காரணமும் இருக்கிறது. மோட்டார் வருமுன் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மரம் மத்துப்போலவே இரு பக்கமும் மாறிமாறிச் சுழலும். ஆசாரி ஒரு சுற்றில் மட்டும் உளியை வைத்து, எதிர்ச்சுற்றில் எடுத்துவிடுவார். நம் லேத் ஒரே பக்கம் சுழல்கிறது. நமக்குச் சாக்கு இல்லை. ஒரு மத்தில் உருளை, குமிழ், பள்ளம், குறுகும் பிடி எல்லாம் வந்துவிடும். பத்து மத்து செய்யுங்கள். வீட்டில் வேண்டாம் என்று சொல்லும் வரை செய்யலாம்.

சமையலறைப் பொருளுக்கு என்ன பூசலாம்? தேங்காய் எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் காயாது, நாளானால் சிக்கு வாடை வரும். உணவுத் தரமுள்ள மினரல் ஆயிலில் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்துத் தேயுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். பொம்மைக்கு என்றால் சன்னபட்னாவில் செய்வதுபோல் வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தலாம். உராய்வுச் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும், தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும்.

மரத்தூளுக்கு என்ன வழி?

சுருள் பெருக்கினால் போகும். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நுரையீரலில் தங்குவது. உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 முகமூடி, முதுகுக்குப் பின்னாலிருந்து வாசல் பக்கமாகத் தள்ளும் விசிறி. முற்றத்தில் வற்றலும் வடகமும் காயும் நாளில் லேத்தை மூடி வையுங்கள். வேப்பந்தூள் படிந்த கூழ் வடகத்தை எங்கள் வீட்டில் ஒரு முறை எல்லாரும் சாப்பிட்டோம்.

மழைக்காலத்தில் பெட் துருப்பிடிக்கிறது.

ஐப்பசி தொடங்குமுன் மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, மெழுகு பூசி, உலர்ந்த துணியால் தேய்த்துவிடுங்கள். டெயில்ஸ்டாக்கும் வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் புடவை போதும்.